பிடி அரிசியும் கணக்குக் கொப்பியும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் முரசுமோட்டையையும் தருமபுரத்தையும் தாண்டினால் விசுவமடு வரும். ஒரு பக்கம் கிளிநொச்சி மாவட்டம், மறுபக்கம் முல்லைத்தீவு. மடு என்றால் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நிற்கும் இடம். வன்னியில் ஊர்ப்பெயர்களில் பாதி குளமாகவும் மடுவாகவும் இருக்கும்; தண்ணீர் நின்ற இடத்தில்தான் மனிதர் நின்றார்கள்.

இந்த வீதியோரத்துச் சிறிய கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் கூட்டம் பெரும்பாலும் பின்னேரத்தில்தான் கூடும். விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் மாற வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மத்தியானச் சமையல் முடிய வேண்டும். அதற்குப் பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் பாட்டு, வேதபாடம், சுற்றி வர ஒவ்வொருவராக ஜெபம். அதெல்லாம் முடிந்ததும் செயலாளர் ஒரு சீ.ஆர். கொப்பியைத் திறந்து போன கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார். பொருளாளர் கணக்குச் சொல்வார். ஆஸ்பத்திரியில் இருக்கும் அக்காவை யார் போய்ப் பார்ப்பது, அடுத்த கூட்டத் தேநீர் யார் பொறுப்பு என்று முடிவாகும். பிளேன் ரீயோடு கூட்டம் கலையும்.

பார்ப்பதற்குச் சாதாரணமான காரியம். ஆனால் இந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. அறிக்கைக் கொப்பி ஓரிடத்திலிருந்து வந்தது; இரண்டு இரண்டு பேராக வீடு சந்திப்பது வேறோரிடத்திலிருந்து வந்தது. காணிக்கையின் மூலமோ அடுப்படியில் இருக்கிறது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. இங்கிலீசு படித்தால் உத்தியோகம் என்ற கணக்கு யாழ்ப்பாணத்துக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்ற கேள்விக்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை. ஹரியற் வின்ஸ்லோ 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியோடு பெயர் ஒட்டிக்கொண்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி இவர். கணவரின் அகராதியைத் தமிழ் உலகம் இன்றும் புரட்டுகிறது. மனைவியின் பள்ளி இன்றும் நடக்கிறது. ஆனால் அவரது பெயர் உடுவிலுக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது.

பிள்ளைகளைப் பிடித்து வைப்பதற்கு மிஷன் கண்டுபிடித்த உபாயம் சுவாரசியமானது. சாப்பாடு, உடுப்பு, தங்குமிடம் எல்லாம் இலவசம். அதோடு பள்ளியில் படித்து முடித்து கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தகப்பனின் நெஞ்சில் எந்தச் சுமை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதை விலை கொடுத்து ஆள் சேர்த்தது என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். அப்படிச் சொல்ல நியாயமும் இருந்தது. அமெரிக்காவில் பணம் கட்டிய கொடையாளியின் பெயரையே பிள்ளைக்கு வைத்த வழக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் நைல்ஸ் போன்ற பெயர்கள் உலாவுவது அதனால்தான். பிற்காலத்தில் சீதனம் நின்றது. பெற்றோரே கட்டணம் கட்டிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். படித்த பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பு ஏறிவிட்டிருந்தது.

வின்ஸ்லோ அம்மையார் 1833இல் இறந்தார். 1840இல் நியூயோர்க்கிலிருந்து எலைசா அக்னியூ வந்தார். கல்யாணம் ஆகாதவர். தனியாக ஒரு பெண் கடல் தாண்டி வருவது அந்தக் காலத்தில் அமெரிக்கருக்கே புதினம். வந்தவர் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. 1879 வரை பள்ளியை நடத்தி, 1883இல் யாழ்ப்பாணத்திலேயே கண்ணை மூடினார். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையைப் படிப்பித்தவர். அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்பதால் ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள்.

பெண்கள் ஊழியத்தின் கண்ணோடு பார்த்தால் அக்னியூவின் பள்ளிக்கூடத்தைவிட அவரது விடுமுறைகள் முக்கியமானவை. பள்ளி பூட்டியதும் அவர் முன்னாள் மாணவிகளின் வீடுகளுக்குப் போய்வருவார். கல்யாணமாகிப் போன பெண் மாமியார் வீட்டில் எப்படி இருக்கிறாள், வாசிப்பை விட்டுவிட்டாளா, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாளா என்று பார்ப்பதற்காக. இன்றைக்குச் சபைகளில் வீடு சந்திப்பு என்று சொல்வதன் விதை இந்த நடையில் இருக்கிறது. பாயில் உட்கார்ந்து, தந்த தண்ணியைக் குடித்து, அந்த வீட்டின் நோயையும் கடனையும் கேட்டுவிட்டுத்தான் வேதம் வாசிப்பது. அந்த ஒழுங்கு மாறினால் வேலை நடக்காது என்பது இதைச் செய்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

இந்த நடையைச் சம்பளத்துக்கான வேலையாக ஆக்கியது லண்டன். 1857இல் எலன் ரனியார்ட் என்ற பெண்மணி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வேதப்புத்தகம் விற்பதற்கு அதே குடியிருப்பைச் சேர்ந்த பெண்களை அமர்த்தினார். வெளியிலிருந்து வரும் சீமாட்டிக்குத் திறக்காத கதவு அயலவளுக்குத் திறந்தது. பைபிள் வுமன் என்ற பெயர் அங்கிருந்து கிளம்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. தமிழில் வேதாகம ஸ்திரீ, உபதேசியம்மா, பைபிள் அம்மா என்று ஊருக்கொரு பெயர் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் உடுவிலில் படித்த பெண்களே இந்த வேலைக்குப் போனார்கள். விதவைகளும் நடுத்தர வயதினருமாக இருந்தது தற்செயல் இல்லை. வீதியில் தனியே நடக்கும் சுதந்திரம் அவர்களுக்குத்தான் இருந்தது.

உண்மையில் இந்த யோசனையைத் தமிழர் லண்டனிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர் 1778இல் சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனார். பாளையங்கோட்டைச் சபையைக் கூட்டியவர் அவரே. 1785இல் பிரதிஷ்டையான அந்த ஊரின் முதல் ஆலயத்தைக் கட்டியவரும் அவரே. சனங்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே கூப்பிட்டார்கள். திருநெல்வேலித் திருச்சபை வரலாறு ஒரு பெண்ணின் பெயரில் தொடங்குகிறது; அதன் ஆட்சி மட்டும் நெடுங்காலம் ஆண்களிடம் இருந்தது. நூறு வருடம் கழித்து அதே சீமையில் ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனரி தமிழ்ப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகத் திரிந்தார். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் விண்மீன் கூட்டம். அந்தக் குழுவில் இருந்த பெண்கள் நகையைக் கழற்றி வைத்ததுதான் ஊரில் பெரிய பேச்சாக இருந்தது. நகையில்லாத சுமங்கலியைப் பார்த்துப் பழகாத காலம்.

இனி அடுப்படிக்கு வரலாம்.

யாழ்ப்பாணச் சபைப் பெண்களின் கையில் காசு இருந்ததில்லை. காணியும் பனையும் வீட்டின் பேரில் இருக்கும். சீதனமாகப் பெண்ணின் பேரிலேயே எழுதப்பட்டும் இருக்கும். ஆனால் மடியில் முடிந்த காசு புருஷனுடையது. பெண்ணின் முழு அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே சொத்து உலையில் போடப்போகும் அரிசி. சமைக்க அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் போடுவது, மாதக் கடைசியில் பானையைச் சபைக்குக் கொண்டுபோவது. இதற்குப் பிடி அரிசி என்று பெயர். 1880களில் அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வேலை செய்த மேரி, மார்கரற் லீச் சகோதரிகள் போன்றவர்கள் இந்த வழக்கத்தைத் தங்கள் நாட்டவருக்கு வியப்போடு எடுத்துச் சொன்னார்கள். இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியட் ஆஸ்பத்திரி எழுவதற்குக் கடல் கடந்து நிதி திரட்டியவர்களும் இவர்களே. அதே காலத்தில் பொஸ்ரனில் 1868இல் அமைந்த பெண்கள் மிஷன் சங்கத்தார் வீடுகளில் சில்லறை உண்டியல் வைத்துச் சதம் சதமாகச் சேர்த்து உடுவில் போன்ற பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே சதம், இங்கே அரிசி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது சின்னக் காரியம் இல்லை. ஒரு பிடி நாற்பது கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு ஒன்றாக முப்பது நாளில் ஒரு வீட்டில் ஒரு கிலோவுக்கு மேல் சேரும். இருபது வீடு சேர்ந்தால் ஏறக்குறைய அரை மூடை. அதை வைத்து ஓர் ஊழியக்காரியின் குடும்பம் சாப்பிடலாம். பிடியின் அளவு யார் கைக்கு எவ்வளவு என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. பஞ்ச காலத்திலும் பெரிய பிடியாக எடுத்த ஏழைகளைப் பற்றியும், பத்தாயப் பக்கம் பாராமல் விரல் நுனியால் எடுத்த பணக்காரிகளைப் பற்றியும் சபைகளில் கதைகள் உலாவும்.

பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. காஞ்சி மடத்தின் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதே பெயரில் இதே காரியத்தைத் தமிழ்நாட்டில் பரப்பினார். மிசோரத்தில் திருச்சபை இன்றும் பிடி அரிசியால் பெருந்தொகை திரட்டுகிறது. இன்னொரு பக்கத்தில், உடுவில் பள்ளிக்குப் பதில் சொல்வது போல சைவப் பெண்களுக்கென்று பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி தொடங்கினார். அமெரிக்கர் முதலில் கால் வைத்த அதே தெல்லிப்பழையில் பிற்காலத்தில் துர்க்கை அம்மன் கோவிலைத் தலைமை தாங்கி நடத்தியவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. போட்டியாகத் தொடங்கிய சமயங்கள் பெண்களை ஒழுங்குபடுத்தும் விடயத்தில் ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சங்கம் என்ற வடிவம், அதாவது தலைவி, செயலாளர், பொருளாளர், சந்தா, அறிக்கை, இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த சட்டை. பாதிரியார் ஒருவரின் மனைவியான மேரி சம்னர் 1876இல் தாய்மார் ஒன்றியத்தைத் தொடங்கிய கதையை அங்கிலிக்கன் பெண்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். முதல் கூட்டத்துக்கு ஊர்ப் பெண்களை எல்லாம் வீட்டுக்கு வரவழைத்துவிட்டு, பேச எழுந்தவருக்கு நா எழவில்லையாம். அடுத்த கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். அந்த ஒன்றியம் பிறகு உலகம் முழுவதும் பரவியது. கத்தோலிக்கரிடத்தில் 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை இன்னும் இறுக்கமான ஒழுங்கு கொண்டது. கிழமைதோறும் கூட்டம், இருவர் இருவராகப் பணி, செய்ததைக் கூட்டத்தில் வாயால் அறிக்கையிடல். 1927 முதல் உலகப் பெண்கள் ஜெப நாள் என்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நாட்டுப் பெண்கள் எழுதிய வழிபாட்டை உலகம் முழுவதும் படிப்பார்கள். எங்கோ ஒரு தீவின் புயலுக்காக வன்னியில் ஒருத்தி ஜெபிப்பாள். தன் ஊர்ப் பெயரை அந்தத் தீவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவும் குடாநாட்டுக்கும் கொழும்புக்கும் வந்தவை. வன்னிப் பெருநிலத்துக்கு அவை வர வெகுகாலம் பிடித்தது. காடும் மலேரியாக் காய்ச்சலும் மிஷனரிமாரையும் தடுத்தன, குடியேற வந்தவரையும் தடுத்தன. 1920களின் தொடக்கத்தில் இரணைமடுக்குளம் கட்டி முடிந்து, 1940களின் பிற்பாதியில் டி.டி.டி. மருந்து நுளம்பை அடக்கிய பிறகுதான் யாழ்ப்பாணத்தார் பரந்தனுக்குத் தெற்கே துணிந்து வந்தார்கள். விசுவமடு இன்னும் பிந்திய ஊர். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த வாலிபருக்குக் காணி கொடுத்த குடியேற்றத் திட்டம் இங்கே வந்தது. 1970களில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்த மண்ணில் செத்தல் மிளகாய் பொன்னாக விளைந்தது. உழவு மெசினும் றேடியோவும் வாங்கிய வாலிபர்கள் பிறகு பெண் எடுத்தார்கள். பெண்களோடு பெண்கள் கூட்டமும் வந்தது.

அதே வீதிக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1977 கலவரத்தில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் தருமபுரம், விசுவமடு, கிளிநொச்சிப் பக்கம் தஞ்சமடைந்தன. அவர்களில் கிறிஸ்தவராக இருந்தவர்களுக்கு வேறு பாரம்பரியம். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொடங்கிய மிஷனின் வழி வந்தது அது. கொழுந்துப் பை இறக்கி, லயத்தில் விளக்கு வைத்த பிறகு நடக்கும் ஜெபக் கூட்டம் அவர்களுடையது. யாழ்ப்பாணத்துப் பெண் கொப்பியோடு வந்தாள். மலையகத்துப் பெண் பாட்டோடு வந்தாள். ஒரே கூட்டத்தில் இரண்டு தமிழும் உட்கார்ந்தபோது எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. யார் செயலாளர், யார் தேநீர் ஊற்றுவது என்ற கேள்விக்குள் சாதியும் ஊரும் ஒளிந்திருந்தன. வன்னிச் சபைகளில் அது முழுதாகத் தீர்ந்த கதையும் அல்ல.

கிளிநொச்சியில் மியூரியல் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேய மிஷனரி அங்கிலிக்கன் திருச்சபையின் கருணா நிலையத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தார். அசெம்பிளி ஒப் கோட் முதலான பெந்தெகொஸ்தே சபைகளும் வந்தன. இலங்கையில் அந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரே ஒரு பெண்: நாடக மேடையை விட்டு 1919இல் கொழும்புக்கு வந்த டென்மார்க் நடிகை அன்னா லெவினி. அந்தச் சபைகளில் மாதர் சங்கம் என்ற சொல் இல்லை. சகோதரிகள் ஐக்கியம், பெண்கள் ஊழியம் என்பார்கள். கொப்பி குறைவு, உபவாச ஜெபம் அதிகம்.

எந்தச் சபையாக இருந்தாலும் தலைமை விடயத்தில் ஒரு வினோதமான ஒற்றுமை. பெரும்பாலான புரட்டஸ்தாந்துச் சபைகளில் போதகரின் மனைவியே பெண்கள் சங்கத்தின் தலைவி. யாரும் வாக்குப் போடுவதில்லை; கல்யாணமே தெரிவு. தென்னிந்தியத் திருச்சபையில் மேற்றிராசன மட்டத்தில் பேராயரின் மனைவி அந்த இடத்தில் இருப்பார். போதகருக்கு இடமாற்றம் வந்தால் தலைவிக்கும் இடமாற்றம். பேச்சுக் கூச்சம் உள்ள பெண்ணாக இருந்தாலும், வங்கியில் வேலை பார்ப்பவராக இருந்தாலும் அந்தக் கதிரையில் உட்காரத்தான் வேண்டும். ஆனபடியால் சங்கத்தை உண்மையில் நடத்துபவர் இடம் மாறாத செயலாளரும் பொருளாளரும்தான். எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெண்ணுக்குக் காசாகக் கொடுத்தால் புருஷன் குடித்துவிடுவான், அதனால் அரிசியாகக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். புது போதகரம்மா வந்த முதல் மாதத்தில் இந்த விபரங்களைத் தேநீர்க் கோப்பையோடு மெல்ல மெல்லக் கைமாற்றுவதே பெண்கள் ஊழியத்தின் எழுதப்படாத பயிற்சி வகுப்பு.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 2013இல்தான் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது: ஆந்திரத்தின் நந்தியாலில் எகோணி புஷ்பலலிதா. குளோரிந்தாவின் ஆலயத்துக்கும் இதற்கும் இடையில் 228 வருடம்.

1995 ஒக்ரோபர் 30இல் போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அந்தச் சனத்தில் பெரும் பகுதி வன்னிக்கு வந்து சேர்ந்தது. உடுவிலிலும் மானிப்பாயிலும் சங்கம் நடத்திய பெண்கள் திடீரென்று கொட்டில்களில் அகதிகள் ஆனார்கள். கொடுத்துப் பழகிய கை வாங்க நேர்ந்த காலம் அது. பிறகு 2009. ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. அந்த மாதக் கடைசியில் விசுவமடுவும் காலியாகிக்கொண்டிருந்தது. உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் கிழக்கே தள்ளப்பட்டது. வீடே போன இடத்தில் சீ.ஆர். கொப்பி எங்கே மிஞ்சும். ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் தகரக் கொட்டில்களிலும் கூடாரங்களிலும் முடிந்தார்கள். தண்ணீர் வரிசையில் கான் வைத்துக் காத்து நிற்கும் நேரம்தான் அங்கே பெண்களுக்குள் பேச்சுக்கும் ஜெபத்துக்கும் கிடைத்த நேரம்.

திரும்பி வந்தபோது ஊரில் ஆண்கள் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் விதவைகள் 89,000 பேர் என்று 2010இல் அரச தரப்பிலிருந்தே கணக்கு வந்தது. காணாமல் போனவரின் மனைவிமார் அந்தக் கணக்குக்குள் தங்களைச் சேர்ப்பதில்லை. பெண்கள் சங்கத்தின் வேலை அத்தோடு மாறியது. முன்பு தையலும் அறுவடைப் பண்டிகையும் பேசிய கூட்டத்தில் மரணச் சான்றிதழை வாங்குவதா வேண்டாமா என்று பேச வேண்டி வந்தது. வாங்கினால் நிவாரணம் வரும். ஆனால் அவர் செத்துவிட்டார் என்று கையெழுத்து வைத்ததாகிவிடும். வேதபாடம் எடுத்தவரிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. கூட இருந்தார்கள், அவ்வளவுதான்.

பின்னாலேயே நுண்கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அவர்களும் பெண்களையே தேடினார்கள். அவர்களும் பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். கிழமைக்கொரு கூட்டம், கொப்பி, கையெழுத்து. பெண்கள் சங்கத்தின் வடிவத்தை அச்சாக எடுத்துக்கொண்டது போலிருந்தது. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தவணை தவறிய வீட்டின் முன்னால் மாலைவரை ஆள் நிற்கும். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகிக்கலாம். சபைகளின் பெண்கள் கூட்டங்களில் சீட்டும் சிறு சேமிப்பும் மறுபடி பேச்சுக்கு வந்தது இந்தப் பின்னணியில்.

பிடி அரிசிப் பானை இன்று அனேக வீடுகளில் மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளி. சில வீடுகளில் வெறும் கடித உறை. அரிசி இன்னும் முழுதாக வெளிப்படுவது அறுவடைப் பண்டிகையில்தான். தை, மாசியில் காலபோக நெல் வீட்டுக்கு வந்ததும் ஆலயத்து முன்றலில் மேசை போட்டு ஏலம் நடக்கும். நெல்மூடை, வாழைக்குலை, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல், ஒரு பாட்டி பொத்திக்கொண்டு வந்த ஐந்து முட்டை. ஏலம் கூறுபவர் பெரும்பாலும் குரல் உள்ள ஓர் ஆண். பக்கத்தில் கொப்பியோடு நிற்பவர் பெண்கள் சங்கப் பொருளாளர். ஒரு பூசணிக்காயை ஒருவர் கடை விலையின் நாலு மடங்குக்கு எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி மேசையில் வைப்பார். அது இன்னொரு முறை ஏலம் போகும், பிறகு இன்னொரு முறை. வெளிநாட்டிலிருக்கும் மகனின் பேரில் போனில் விலை கேட்பவர்களும் இப்போது உண்டு. பொழுதுபட்டு லைற் போட்ட பிறகு பொருளாளர் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு இன்னும் காசு தராதவர்களின் பட்டியல் இருக்கும். அடுத்த நாள் காலையிலிருந்து அவர் வீடு வீடாக நடக்க வேண்டும்.